ஏழு நாள் முகாமும் எட்டாம் நாளும்

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றதும் நம் கண்முன் தோன்றுவது என்ன? மண்வெட்டி, மரக்கன்று, சுண்ணாம்பு வாளி, நிறைவு நாளன்று ஒரு குழுப்படம். நானும் அப்படி எண்ணித்தான் ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றேன். அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிப்பது எங்கள் அணியின் பணி. இரண்டாம் நாள் நர்ஸம்மா வந்து பார்த்தார். “சுவர் நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ளே வந்து இந்த வரிசையையும் கொஞ்சம் பாருங்களேன்” என்றார்.

உள்ளே பாதிப் பேர் தமிழ் அறியாதவர்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்களும் வெளிவரத் தொடங்கின. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்களுக்கு இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வந்து சேர்கின்றனர். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. அந்த 30,000 பேரை எண்ணியது எப்போது? 2011இல். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு அவ்வாண்டு எடுக்கப்படவில்லை. ஓர் அறையில் எட்டுப் பேராய்த் தங்கியிருக்கும் தொழிலாளி எந்தக் கணக்கில் வருகிறார்?

எங்கள் அணியில் ஒரு தோழிக்கு இந்தி தெரியும். (அவளைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.) ஓ.பி. சீட்டு எழுதும் மேசையருகே அவளை அமர்த்தினோம். ஓர் இளைஞர் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். சீட்டில் ‘வயிற்று வலி’ என்று எழுதியாயிற்று. அவள் மெல்ல விசாரித்தபோதுதான் தெரிந்தது: மூன்று வாரமாய் இருமல், இருமி இருமியே வயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது! இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சோதிப்பது முறையாதலால், உடனே சளிப் பரிசோதனைக்கு அனுப்பினர். அன்று நாங்கள் சுவரில் பூசிய சுண்ணாம்பைவிட அவள் கேட்ட அந்த ஒரு கேள்வி பெரிதல்லவா?

மாலையில் நர்ஸம்மாவுடன் தெருத்தெருவாகச் சென்றோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீடு பூட்டிக் கிடந்தால்? ஓர் ஆலையின் கேன்டீனில் பாத்திரம் துலக்கும் அம்மையார் ஒருவர் விடியுமுன் போய் இருட்டிய பின் வருகிறவர். இரண்டு மாதமாய்ச் சர்க்கரை மாத்திரை இல்லை. “அடுத்த மாசமும் வருவீங்களாப்பா?” என்று கேட்டார். “வருவோம்மா” என்றேன். நான் போகவில்லை. செமஸ்டர் தேர்வு வந்துவிட்டது.

என் குறை என்னுடையதே. ஆயினும் நம் முறையிலும் குறை உண்டு. 1969இல், காந்தியடிகள் நூற்றாண்டின்போது, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய இத்திட்டத்தில் ஏழு நாள் முகாம் ஒரு பகுதிதான். அது நீங்கலாக, இரண்டாண்டில் 240 மணி நேரம் நாம் பணி செய்ய வேண்டும். அந்த மணிகளெல்லாம் எங்கே போகின்றன? மைதானத்தில் புல் பிடுங்குவதிலும், விழாக்களுக்கு நாற்காலி போடுவதிலும்! வாரம் மூன்று மணி நேரம் வீதம் நாற்பது வாரம் ஒரே சுகாதார நிலையத்துக்குத் தந்தால் ஓராண்டின் 120 மணி நேரம் நிறைவாகிவிடும். மூன்றாமாண்டு மாணவர் விடைபெறும்போது இரண்டாமாண்டு மாணவரிடம் தெருக்களை ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

கலைக்கல்லூரி மாணவனுக்கு மருத்துவம் என்ன தெரியும் என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். ஒன்றும் தெரியாது. ஊசியையும் மருந்தையும் நாம் தொடவே வேண்டாம். நோயாளியின் பெயரைத் தேநீர்க் கடையில் பேசவும் வேண்டாம். மொழிபெயர்க்கலாம், வரிசையை ஒழுங்குபடுத்தலாம், பூட்டிய வீட்டுக்கு மாலையில் மறுபடி போகலாம். மருத்துவ மாணவர்களுக்குக் குடும்பத் தத்தெடுப்பைத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திலேயே சேர்த்திருக்கிறது. அவர்கள் ஒரே குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். நாமோ ஏழாம் நாள் மாலை பேருந்தேறிவிடுகிறோம்.

திட்ட அலுவலர் ஐயாவிடம் இதை விண்ணப்பமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரட்டும். வரும் சனிக்கிழமை மாலை நான் ஒரகடம் போகிறேன். அந்த அம்மையாரின் தெரு எனக்கு நினைவிருக்கிறது. இந்தி தெரிந்தவர் எவரேனும் உடன் வந்தால் நல்லது.