வாங்கினவங்களே துடைக்கணும்!

கலைப்பொருள்ன்னு சொல்லி வீட்டுக்குள்ளே சாமான் சேர்க்கிறவங்க எல்லாருக்கும் ஒரே ஒரு சட்டம் போடணும்ன்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. யார் வாங்கினாங்களோ அவங்கதான் அதுக்குத் தூசி தட்டணும். அவ்ளோதான்.

சேர்க்கிற ஆசையையே நான் குறை சொல்றேன்னு நினைச்சுடாதீங்க மக்களே. நானும் அந்தக் கட்சிதான். காரைக்குடிப் பக்கம் போனா முனீஸ்வரன் கோவில் தெருவை எட்டிப் பார்க்காம வந்ததே இல்லை. பீங்கான் ஜாடி, எனாமல் டிபன் கேரியர், பித்தளைக் கூஜா, ரவிவர்மா படம்ன்னு பழைய சாமான் கடைகள் வரிசையா இருக்கும். நமக்குப் புடிச்சது எதுன்னு மூஞ்சியில தெரிஞ்சா விலை சர்ர்ருன்னு ஏறிடும். அதனால பக்கத்துல இருக்கிறதை விசாரிச்சுட்டு, போற போக்குல "அது என்னங்க, அந்த கூஜா?"ன்னு கேக்கணும். அதுல ஒரு த்ரில்! (கடைக்காரர் "நூறு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா"ன்னு சொன்னா வெளிநாட்டு மக்கள் கொஞ்சம் உஷார். 1972ல வந்த சட்டப்படி 100 வருஷம் தாண்டின கலைப்பொருளை நீங்க பாட்டுக்குப் பொட்டியில வச்சு நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது.)

ஒரு பொருள் எப்படி உண்டாச்சுன்னு தெரிஞ்சு வாங்கினா சந்தோஷம் இன்னும் ஜாஸ்தி. சென்னபட்டணா பொம்மையை எடுத்துக்கோங்க. கடைசல்ல மரம் சுத்தும்போதே கலர் அரக்குக் குச்சியை வச்சு அழுத்துவாங்க. உராயற சூட்டுல அரக்கு உருகி மரத்துல ஏறிடும். அப்புறம் தாழை மடலால தேய்ச்சா அந்த வழவழப்பு. பெயிண்ட் அடிச்ச பொம்மை பக்கத்துலயே வர முடியாது.

சரி, வாங்கியாச்சு. ஷெல்ஃபுல வச்சாச்சு. வந்தவங்க எல்லாரும் பார்த்துப் பாராட்டியாச்சு. அடுத்த வாரம்?

பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கணும். அதே புளியை எடுத்துக்கிட்டு தஞ்சாவூர்த் தட்டுப் பக்கம் போகக்கூடாது. அதுல வெள்ளித் தகட்டு வேலை இருக்கு. காத்துல இருக்கிற கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும்தான். அதுக்காக வரட்டு வரட்டுன்னு தேய்ச்சா உருவமே மழுங்கிப் போயிடும். கொலு பொம்மைல ஈரத்துணி பட்டா கலர் கையோட வந்துடும். பஸ்தர் பக்கத்து டோக்ரா குதிரை இருக்கே, உடம்பு பூரா மெழுகுநூல் சுத்தி வார்த்தது, ஒவ்வொரு இடுக்குலயும் தூசி. பழைய டூத் பிரஷ்தான் கதி. ஒரு குதிரைக்குக் கால் மணி நேரம். கடலுக்குப் பக்கத்துல வீடுன்னா கேக்கவே வேணாம், உப்புக்காத்து பித்தளையை சும்மா விடாது.

இத்தனையும் யார் செய்யறா? வீட்டுக்கு வீடு பாருங்க. ரசனை ஒருத்தர் பேர்ல, துணி இன்னொருத்தர் கையில. அம்மாவோ, மனைவியோ, வேலைக்கு வர்ற பொண்ணோ. எனக்குத் தெரிஞ்ச வீட்டுல ஒரு பீங்கான் ஜாடி உடைஞ்சதுக்கு, துடைச்ச பொண்ணோட சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சாங்க. ஜாடியோட விலை அவளோட ரெண்டு மாச சம்பளம். அதை ஷெல்ஃபோட விளிம்புல வச்சது வாங்கின ஐயா. எது எப்படித் தேய்க்கணும்ன்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. உடையற சாமானைக் கூடத்துல வைக்கிறவங்க, உடையும்ங்கிறதையும் சேர்த்துதானே வாங்கி இருக்கணும்? அந்த ஜாடியால அவளுக்கு என்ன லாபம்? தினம் அதைத் தொடும்போது பயம், அது ஒண்ணுதான்.

எங்க வீட்டுல இந்தச் சட்டம் அமலுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. என்னோடது எனக்கு, ரங்கமணியோடது அவருக்கு. வேலை செய்யற அம்மா ஷெல்ஃபைத் தொடவே வேணாம்ன்னு சொல்லியாச்சு. முதல் மாசத்துலயே ரங்கமணி தன் பங்குல இருந்த பிளாஸ்டர் சிலை எல்லாத்தையும் ஒரு அட்டைப்பொட்டியில போட்டுக் கட்டிட்டார். பீதர்ல வாங்கின பித்ரி குப்பியை மட்டும் கொடுக்க மாட்டேன்னுட்டார். ஞாயித்துக்கிழமை காலையில பேப்பரைக்கூடத் தொடாம, மெத்துன்னு ஒரு துணியை வச்சுக்கிட்டு அந்தக் கறுப்புக்கு நடுவுல ஓடற வெள்ளிக் கொடியைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். அந்தக் குப்பியில எத்தனை இலை இருக்குன்னு இப்போ அவருக்குத் தெரியும்!

இப்போ புதுசா ஒரு கோரிக்கை வச்சிருக்கார். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் ஒண்ணு வாங்கலாமாம், தூசியே அண்டாதாம். கண்ணாடி யார் பங்குன்னு கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை.