பேயும் நகையும்

பழைய சீனப் பேய்ப்படங்களை மாணவர் விரும்பிப் பார்ப்பது கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். பேயுமாம், குங்பூச் சண்டையுமாம், கோமாளித்தனமுமாம். இம்மூன்றையும் ஒன்றாய்க் கலந்தால் அது என்ன கலை என்பது அவர்தம் வினா. தமிழ் கற்பிக்கும் நாம் இது கேட்டு வாளா இருத்தல் இயலாது. இக்கலவை சீனர்க்கே உரிய தனியுடைமையன்று.

நகை பிறக்குமிடம் எள்ளல், இளமை, பேதைமை, மடமை எனவும், அச்சம் பிறக்குமிடம் அணங்கு, விலங்கு, கள்வர், இறைவன் எனவும் தொல்காப்பியர் வகுத்தார். ஹொங்கொங்கில் 1985 ஆம் ஆண்டு ரிக்கி லாவ் இயக்கிய ‘மிஸ்டர் வாம்பயர்’ என்னும் படத்தில் இவ்விரண்டும் ஒரே காட்சியிற் கைகோத்து வருகின்றன. விறைத்த பிணம் கைகளை நீட்டியவாறு துள்ளித் துள்ளி வரும். மூச்சை அடக்கி நின்றால் அதற்கு நாம் இருப்பது தெரியாது. மந்திரம் எழுதிய மஞ்சட்டாளை நெற்றியில் ஒட்டினால் அசையாது நிற்கும். சீனக் கூத்துக்கலையை இளமையிலேயே பயின்ற லாம் சிங்-யிங் குருவாக வந்து முறுவலும் காட்டாது போரிட, மாணாக்கர் இருவரும் பேதைமைக்கும் மடமைக்கும் இலக்கணமாகின்றனர். பேயின் நஞ்சை முறிக்க ஒட்டரிசி வாங்கப்போனால், கடைக்காரன் அதிற் சாதாரண அரிசியைக் கலந்து விற்றுவிடுகிறான்! பேயினும் கலப்படக்காரன் கொடியன் என்பதை நம் கடைத்தெருக்களை அறிந்தோர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா.

இனி நம் நூலுக்கு வருவோம். முதலாங் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் பெற்ற வெற்றியைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். அப்போர்க்களத்திலே பேய்கள் கூடிக் கூழ் சமைக்கின்றன. குருட்டுப்பேயும் ஊமைப்பேயும் பந்தியில் அமர, அவ்வவற்றின் இயல்பறிந்து கூழ் வார்க்கப்படுகிறது. போரும் பேயும் சிரிப்பும் ஒருங்கே அமைந்த இந்நூலைப் போற்றுவோர், அதே மூன்றும் வெண்திரையில் வரும்போது இழிவெனக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

மலையகத்தார்க்கு இப்படங்கள் பிடித்தமைக்கு வேறொரு காரணமும் உண்டென்பது நம் கருத்து. தூர தேசத்தில் இறந்த கூலியாட்களின் உடல்களை, சொந்த மண்ணில் அடக்கஞ்செய்யும் பொருட்டு, மந்திரவாதி இரவோடிரவாக நடத்திச் செல்வான் என்பது ஹூனான் மாகாணத்தின் மேற்குப் புறத்தே வழங்கும் கதை. துள்ளும் பிணத்தின் வேர்களுள் அதுவும் ஒன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே மன்னார்க் கரையிறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்த நம் முன்னோருள் வாந்திபேதியாற் பாதையோரம் மாண்டார் பலர். அவர்களை ஊருக்கு நடத்திச் செல்ல எந்த மந்திரவாதியும் வந்திலன். ஊவாத் தேயிலைச் சரிவுகளிற் புதையுண்டாரும் அங்ஙனமே கிடக்கின்றனர்.

அவ்வச்சத்தையும் துயரையும் தாங்க நம்மவர் கண்ட வழி காமன் கூத்து. மாசி மாதத்து இரவில், தீப்பந்தத்தின் ஒளியில் எமன் பாய்ந்து வரக் குழந்தைகள் தாயின் சேலைக்குள் ஒளிவர். அடுத்த கணமே கோமாளி புகுந்து அவர்களைச் சிரிக்கவைப்பான். லயத்துப் பாட்டியர் இரவிற் சொல்லும் பேய்க்கதைகளும் இவ்வகையினவே. இவற்றுட் பெரும்பாலன இன்னும் ஏட்டில் ஏறவில்லை.

ஆதலின், தெமோதரைத் தோட்டங்களிலிருந்து வந்து பயிலும் மாணவரை நாம் வேண்டுவது இதுவே: சீனப்பேயைக் கண்டு களியுங்கள், விடுமுறையில் வீடு சென்றதும் பாட்டியிடம் நம்மூர்ப் பேயைக் கேட்டு எழுதி வாருங்கள். எழுத்துப்பிழை இருப்பின் திருத்தித் தருவோம். கதையில் கைவையோம்.