அரை நொடியின் விலை

கார்ப் பிரியர்கள் நால்வர் கூடினால் தீராத வழக்கொன்று எழும். கிளட்சை மிதித்துக் கையால் கியர் போடும் வண்டிதான் வண்டி என்பது ஒரு கட்சி. அந்த வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டுச் சாலையைப் பார்ப்பதே அறிவுடைமை என்பது எதிர்க்கட்சி. மரபுக்கவிதையா புதுக்கவிதையா என்ற சண்டையைப் பல்லாண்டு கேட்டுப் பழகிய நமக்கு இதன் தொனி புதிதன்று. இரு கட்சிகளையும் ஒரே தராசில் வைத்துப் பாவனை காட்டும் உத்தேசம் நமக்கில்லை. மேனுவல் கட்சியின் பக்கம் ஒரு மெய்க் காரணம் இருக்கிறது. அது நமக்கு உவப்பானதும்கூட. ஆனால் அதைச் சொல்லக் கூசி, அவர்கள் பொய்க் காரணங்களை அடுக்குகிறார்கள் என்பதே நம் புகார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்குள்தான் சரியாக இழுக்கும். நின்ற இடத்திலிருந்து புறப்படவும் நெடுஞ்சாலையில் விரையவும் ஒரே பற்சக்கர விகிதம் போதாது, ஆகவே கியர்பெட்டி. 1890களில் பிரான்சில் எமில் லெவாஸ்ஸோர் பற்சக்கரங்களை நகர்த்திப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தபோது, முரட்டுத்தனமானதுதான், ஆனாலும் வேலை செய்கிறது என்று சொன்னதாகக் கர்ணபரம்பரைக் கதையுண்டு. 1928இல் கேடிலாக் வண்டிகளில் சின்க்ரோமெஷ் வரும்வரை, பற்கள் கறகறக்காமல் கியர் மாற்ற டபுள் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும்: கிளட்சை இரண்டு தரம் மிதித்து, இடையே ஆக்சிலேட்டரைத் தொட்டு, சுழலும் இரு பாகங்களின் வேகத்தைச் செவியால் கேட்டே சமன்செய்வது. 1939இல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஹைட்ரமேட்டிக் என்ற பெட்டியை வெளியிட்டு, கிளட்ச் மிதியையே பிடுங்கி எறிந்தது. இன்றைய ஆர்வலர் சின்க்ரோமெஷ்ஷை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டவர். ஹைட்ரமேட்டிக்கின் வழிவந்தவற்றை மட்டும் தீட்டென்று ஒதுக்குபவர். கோட்டை எங்கே கிழிப்பது என்பதைத் தர்க்கம் தீர்மானிப்பதில்லை. ஒருவர் எந்த வண்டியில் ஓட்டப் பழகினார் என்பதே தீர்மானிக்கிறது. தூய்மைவாதங்கள் எல்லாவற்றிலும் இந்த வேடிக்கை உண்டு.

பொய்க் காரணங்களில் முதலாவது எரிபொருள் சிக்கனம். திரவச் சுழலால் சக்தியைக் கடத்திய பழைய ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் வழுக்கலால் சக்தி வீணானது மெய். எட்டும் பத்தும் கியர்கள் கொண்ட, கணினி ஆளும் இன்றைய பெட்டிகளைப் பற்றி அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, வேகம். இதில் பேச நிறைய உண்டு.

பந்தயக்காரர்கள் இக்கேள்வியை என்றோ தீர்த்துக்கொண்டார்கள். 1989இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பிரேசில் கிராண்ட் ப்ரீயில் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 களமிறங்கியது. கியர் கம்பி கிடையாது. ஸ்டீரிங்கின் பின்னால் இரண்டு சிறு துடுப்புகள். ஓயாமல் பழுதாகிக்கொண்டிருந்த அந்தப் பெட்டி பந்தயத்தை முடிக்கும் என்று நம்பியவர்கள் அதிகமில்லை. ஆனால் நைஜல் மான்செல் அன்று வென்றார். இரண்டாண்டு கழித்து, 1991இல் சாவோ பாவ்லோவின் இண்டர்லாகோஸில், ஆர்வலர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்போகும் கதை நிகழ்ந்தது. அயர்ட்டன் சென்னா ஓட்டிய மெக்லாரன், கம்பியால் கியர் மாற்றும் வண்டி. முன்னணியில் இருந்த அவர் கியர்களை ஒவ்வொன்றாக இழந்து, கடைசிச் சுற்றுகளில் 6ஆவது கியர் ஒன்றையே வைத்துக்கொண்டு, தூறலில், மெதுவான வளைவுகளிலும் எஞ்சின் அணைந்துவிடாமல் இழுத்துவந்து, ஏறத்தாழ 3 நொடி இடைவெளியில் சொந்த மண்ணில் முதன்முறையாக வென்றார். வண்டியிலிருந்து தானாக இறங்கவும் அவரால் இயலவில்லை. கோப்பையைத் தூக்கவும் கைகள் ஒத்துழைக்கவில்லை. அதே பந்தயத்தில் அவரைத் துரத்திக்கொண்டிருந்த மான்செல், இப்போது வில்லியம்ஸின் துடுப்புக் கியர் வண்டியில், கியர்பெட்டி கைவிட்டதால் வெளியேறினார்.

இரண்டு பெட்டிகளும் பழுதாயின. ஒன்றின் பழுதை மனித உடல் ஈடுகட்டியது. அதனால் அது காவியமாயிற்று. மேனுவல் கட்சி இக்கதையை இத்தோடு நிறுத்திக்கொள்ளும். நாம் அடுத்த வரியையும் படிக்கிறோம்: 1992இல் மெக்லாரனும் துடுப்புக் கியருக்கு மாறியது, சென்னா அதைத்தான் ஓட்டினார். வெல்வதற்காக ஓட்டுபவருக்குக் கம்பியின்மேல் பாசம் கிடையாது.

பாசம் வெல்லத் தேவையில்லாதவர்களுக்கு உரியது. அதைத் தெளிவாக்கியது போர்ஷே 911 ஜிடி3 விவகாரம். இரட்டைக் கிளட்ச் பெட்டியைப் போர்ஷே 1980களிலேயே பந்தயத்தில் சோதித்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று, அடுத்த கியர் எப்போதும் தயார் நிலையில். 2013இல் புதிய ஜிடி3 வெளிவந்தபோது அந்தப் பெட்டி மட்டுமே தரப்பட்டது, மேனுவல் இல்லை. ஓட்டப்பந்தயத்தின் வாசனையுள்ள ஒரு வண்டியில் வேகமானதைப் பொருத்துவதே பொறியியல் நியாயம் என்று நிறுவனம் கருதியதில் பிழையில்லை. ஆனால் ஆர்வலர்கள் கொதித்தார்கள். 2016இல் மேனுவல் பெட்டியோடு மட்டுமே 911 ஆர் என்ற வண்டி, 991 எண்ணிக்கையில், வந்தது. 2017இல் ஜிடி3யிலேயே இரண்டும் கிடைக்கும் என்றாயிற்று. அப்போது நிறுவனம் தந்த கணக்கு நம் வழக்குக்கு முக்கியமான சாட்சி: நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட இரட்டைக் கிளட்சுக்கு 3.4 நொடி, மேனுவலுக்கு 3.9.

தெரிந்தே அரை நொடியை விட்டுக்கொடுத்தார்கள். இதைத்தான் அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். வளைவுக்கு முன் வலது காலின் முன்பாதத்தால் பிரேக்கையும் அதே காலின் ஓரத்தால் ஆக்சிலேட்டரையும் தொட்டு, இடது காலால் கிளட்சை மிதித்து, எஞ்சினின் சுருதியை உயர்த்திக் கீழ்க்கியரில் இழுத்துவிடும்போது, தப்பாகப் போகக்கூடிய நான்கைந்து காரியங்கள் ஒரே கணத்தில் கூடிவருகின்றன. தப்பினால் வண்டி உதறும், சத்தமிடும், பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பார். தப்பாதபோது யாரும் கவனிக்கமாட்டார்கள். அந்தரங்கமான இந்தச் சரியில் வேகமுமில்லை, சிக்கனமுமில்லை. தப்புவதற்கு இடமிருப்பதால் மட்டுமே கிடைக்கும் இன்பம் அது. வெண்பா எழுத உட்கார்ந்து தளை தட்டாமல் ஈற்றடி முடித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்பம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அது எல்லாருக்கும் விதியாக முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேதான் ஆர்வலர் பின்வாங்குகிறார். ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர் ஓட்டத் தெரியாதவர் என்ற இளக்காரம் அங்கிருந்து பிறக்கிறது. 2014இல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டியை எடுத்துக்கொள்வோம். அதே மேனுவல் பெட்டிதான். கிளட்சையும் கம்பியையும் ஓட்டுநருக்குப் பதிலாக ஒரு சிறு கருவி அசைக்கிறது. கியருக்குக் கியர் வண்டி தலையாட்டுவதைக் கேலி செய்யாத ஆர்வலர் இல்லை. நெரிசலில் ஊர்ந்து அலுவலகம் போய் மீள்பவருக்கும், இடது காலில் வலுவில்லாதவருக்கும், மூட்டு தேய்ந்துபோனவருக்கும் அந்தத் தலையாட்டல் பெரிய பொருட்டல்ல. அதைவிட, கியர் போடுவதே பிழைப்பானவர்களை நினைக்க வேண்டும். ஹாஃப் கிளட்சிலேயே நாள் முழுவதும் பேருந்தைத் தள்ளுபவர் அதில் கலையைக் கண்டதாக யாரும் எழுதக் கேட்டதில்லை. 2025 ஜூன் இறுதியில் சென்னை மாநகரப் பேருந்துகளில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது, அவற்றின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கிளட்ச் மிதி இல்லை. அதற்காக இரங்கல் தெரிவிக்கும் உரிமை ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதைக்குப் போகிறவருக்கு இல்லை.

911 ஆர் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. வெளியான சில மாதங்களிலேயே அதற்குப் பட்டியல் விலையைப்போலப் பல மடங்கு கேட்கப்பட்டது. ஓட்டுநரின் கையும் காலும் ஈடுபட வேண்டும் என்பதற்காகவே செய்த வண்டிகளில் சில, ஓடாத தூரத்தையே பெருமையாகக் காட்டிக் கைமாறின. இதைவிட, சில ஆண்டுகளுக்கு முன் டொயோட்டா, லெக்சஸ் மின்கார் ஒன்றில் செய்துகாட்டிய விளையாட்டு நமக்கு நேர்மையானதாகப் படுகிறது. கிளட்ச் மிதியும் கியர் கம்பியும் அதில் உண்டு. எதனோடும் இயந்திரத் தொடர்பு கிடையாது. எல்லாம் மென்பொருளின் நடிப்பு. கிளட்சைத் தப்பாக விட்டால் வண்டி அணைந்துபோவதாகவும் நடிக்கும். தப்பு இல்லாவிட்டால் ருசி இல்லை என்பதை ஆர்வலர்களைவிட அந்தப் பொறியாளர்கள் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான் நம்மை உறுத்துகிறது: வேண்டாமென்றால் ஒரு பொத்தானை அழுத்தி அத்தனையையும் நிறுத்திவிடலாம். மலையேற்றத்தில் வண்டி அணைந்து, பின்னால் லாரி ஹாரன் அடிக்கும் வேளையில், அந்தப் பொத்தானை நோக்கிக் கை போகாத ஆர்வலர் எத்தனை பேர் என்று அறிய நமக்கு ஆவல்.