ஹிராம் ஜான்சன்: பாதி ஜனநாயகம்

1900களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சரக்குக் கட்டணம் முதல் சட்டசபை வரை சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி வைத்ததுதான் சட்டம். அந்தக் கம்பெனியை அரசியலை விட்டே விரட்டுவேன் என்று சொல்லி, 1910ல் கவர்னர் தேர்தலில் ஜெயித்தவர் வக்கீல் ஹிராம் ஜான்சன்.

சொன்னதைச் செய்தார். ரயில் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் கமிஷனிடம் போனது. மக்களே சட்டம் கொண்டுவரவும், பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கவும் 1911ல் உரிமை கிடைத்தது. பெண்களுக்கு ஓட்டுரிமையும் அதே ஆண்டில்தான்!

ஆனால் 1913ல் அவர் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம்? அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றது. குறி, ஜப்பானிய விவசாயிகள். குடியுரிமையும் கிடையாது, அதனால் ஓட்டும் கிடையாது.

1920ல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கியது யார் தெரியுமா? மக்கள்தான்... ஜான்சன் தந்த அதே நேரடி ஓட்டு முறையில்!

அது செல்லாது என்று 1952ல் சொன்னது மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட். 1956ல்தான் மக்கள் ஓட்டுப் போட்டு நீக்கினார்கள்.

கம்பெனியிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கி மக்களிடம் தந்தது பெரிய சாதனைதான். ஆனால் ஓட்டு இல்லாதவனுக்கும் பாதுகாப்பு தருவதுதான் முழு ஜனநாயகம். ஜான்சன் பாதி வழியில் நின்றுவிட்டார்.