பீடி குடிக்காத அத்தை

"ஏம்மா, பீடி, சுருட்டு ஏதாவது பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டதும் எங்கள் அத்தைக்கு வந்ததே கோபம்! "ஏளா, என்னயப் பாத்து என்ன கேள்வி கேக்காரு, பாத்தியா?" என்று என் பக்கம் திரும்பிவிட்டாள்.

அத்தைக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, விடிகாலையில் சளியோடு இருமல் என்று இரண்டு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். வயசாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் மூச்சை நன்றாக உள்ளிழுத்து, ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொன்னார்கள். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறதாம். அத்தையின் மூச்சுக் குழல்கள் சுருங்கிப் போயிருந்தன. புகை பிடிக்கிறவர்களுக்கு வருமே, அதே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்!

"விறகடுப்புல எத்தனை வருஷம் சமைச்சீங்க?"

"கல்யாணமான நாள்லேருந்து... நாப்பது வருஷம் இருக்கும்."

டாக்டருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

விறகுப் புகையில் இருக்கும் நுண்ணிய தூள் நம் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கில் தங்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அது வெறும் மன ஆறுதல்தான். இன்ஹேலரால் அத்தைக்கு இப்போது கொஞ்சம் தேவலை. ஆனால் போன பலம் முழுசாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

சீனாவில் ஷுவான்வெய் என்ற பகுதியில் வீட்டுக்குள்ளேயே நிலக்கரி எரித்துச் சமைத்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. அடுப்புக்குப் புகைபோக்கி வைத்துக்கொண்ட பெண்களுக்கு இந்த நோய், வைக்காதவர்களுக்கு வந்ததில் நாலில் மூன்று பங்குதான் வந்ததாம். ஆனால் பலன் தெளிவாகத் தெரிவதற்குச் சுமார் பத்து வருஷம் பிடித்தது. அதனால்தான் இளம் தாய்மார்களே, உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

நம் வீட்டில்தான் காஸ் இருக்கிறதே என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். வீடு திரும்பிக் கொல்லைப்புறம் போனால் வெந்நீர் அடுப்பு! தென்னை மட்டை, கொட்டாங்கச்சி, பற்றவைக்கப் பால் கவர். வெந்நீர் காய்ந்ததும் பேரனைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை. ராத்திரி கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் எரிந்த அளவுக்கு நுண்தூள் வரும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மறுநாளே கொசுவலை வாங்கிவிட்டேன். வெந்நீரும் காஸுக்கு வந்துவிட்டது. தாளிக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் ஜன்னலைத் திறந்து, புகையை வெளியே தள்ளும் ஃபேனைப் போட்டுவிடுகிறோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பதில்லை.

சாம்பிராணிக்குத்தான் வீட்டில் சண்டை. "தலையில நீர் கோத்துக்காதா?" என்று மாமியார் விடவில்லை. எனக்காகப் பேசினது அத்தைதான்: "துண்டால நல்லாத் துவட்டுங்க மதினி, போதும். நான் ஊதின ஊதலை அந்தப் பிள்ளையும் ஊத வேண்டாம்."

அத்தையின் ஊர் வீட்டிலும் சிலிண்டர் இருக்கிறது, விருந்தாளி வந்தால் காப்பி போட மட்டும். "தீந்துபோச்சுன்னா வாங்கணுமே, காசுல்லா!" என்கிறாள். அடுத்த சிலிண்டருக்கு நான் பணம் அனுப்புவதாகப் பேச்சு.