சூப்பர்வைசருக்கு மேலே

'கெர்னல்' என்றதும் பட்டாளத்துக் கர்னல் ஞாபகம் வந்தால் தப்பில்லை. அதிகாரம் கிட்டத்தட்ட அதேதான். விண்டோஸோ, லினக்ஸோ, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடுநாயகம் கெர்னல். மெமரியில் யாருக்கு எவ்வளவு இடம், டிஸ்க்கை யார் தொடலாம், எல்லாம் அவர் உத்தரவு. பழைய நாளில் அவருக்கு 'சூப்பர்வைசர்' என்றே பெயர்.

ஆபீஸ் போகிறவர்களுக்குத் தெரியும், சூப்பர்வைசருக்கு மேலேயும் ஒருத்தர் உண்டு. 'சூப்பர்' என்பதைவிடப் பெரிசு 'ஹைப்பர்'. ஆகவே ஹைப்பர்வைசர்.

இவர் எதற்கு? ஒரே மெஷினில் பல ஆப்பரேட்டிங் சிஸ்டங்களைக் குடிவைக்க. ஒண்டுக் குடித்தனம்தான். ஆனால் ஒவ்வொரு குடித்தனக்காரரும் முழு வீடும் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருப்பார். அந்த நம்பிக்கையைக் கலைக்காமல் காப்பாற்றுவதுதான் ஹைப்பர்வைசரின் உத்தியோகம். ஐ.பி.எம். 1960-களிலேயே தன் மெயின்ஃப்ரேம்களில் இதைச் செய்துவிட்டது.

தந்திரம் சிம்பிள். கெர்னலை அதிகாரம் குறைந்த நாற்காலியில் உட்கார்த்திவிட வேண்டும். அவர் பெரிய உத்தரவு ஏதாவது போட்டால் பிராசஸர் மறுத்து, விஷயத்தை மேலே ஹைப்பர்வைசருக்குத் தள்ளும். அவர் வேண்டியதைச் செய்துவிட்டு, 'ஆச்சு சார்' என்பார். கெர்னலுக்கு சந்தேகமே வராது. இதற்கு 1974-ல் போபெக், கோல்ட்பர்க் என்று இருவர் இலக்கணமே எழுதினார்கள்.

நம் மேஜைமேல் இருந்த பி.சி.யில்தான் வம்பு. பென்டியத்தில் 17 உத்தரவுகள் இந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. உதாரணம், 'பாப்-எஃப்'. சின்ன நாற்காலியிலிருந்து அதை வைத்து இன்ட்டரப்ட்டை நிறுத்தப் பார்த்தால், பிராசஸர் முடியாது என்று சொல்லாது. செய்யவும் செய்யாது. சும்மா இருந்துவிடும். முடியாதென்று சொல்லியிருந்தால் மேலிடத்துக்காவது தெரிந்திருக்கும். இந்த ரகத்தை ஆபீசிலும் பார்த்திருப்பீர்கள்!

1999-ல் விஎம்வேர், அந்த மாதிரி உத்தரவுகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2003-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 'ஸென்', கெர்னலிடமே உண்மையைச் சொல்லி, 'கொஞ்சம் அனுசரிச்சுப் போப்பா' என்று திருத்தியது. 2005-ல் இன்டெல், அடுத்த வருஷம் ஏ.எம்.டி., இரண்டும் சில்லுக்குள்ளேயே ஹைப்பர்வைசருக்குத் தனி நாற்காலி போட்டுக் கொடுத்தன. 2007-ல் 'கேவிஎம்' லினக்ஸுக்குள் சேர்ந்தது. கெர்னலே ஹைப்பர்வைசர் ஆகிவிட்டார். சூப்பர்வைசருக்கு ப்ரமோஷன்!

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். க்ளவுடில் உங்கள் கம்பெனி வாடகைக்கு எடுக்கும் 'சர்வர்' பெரும்பாலும் ஒரு போர்ஷன்தான். பக்கத்துப் போர்ஷனில் யார் என்று தெரியாது. நடுவில் இருக்கும் சுவர், ஹைப்பர்வைசரும் அவருடைய எடுபிடிகளும்.

அந்த எடுபிடிகளில் ஒன்று 'க்யூ-எமு'. டிஸ்க், நெட்வொர்க் கார்டு மாதிரியெல்லாம் நடிக்கிற புரோகிராம். 2015-ல் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 'வெனம்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு குடித்தனக்காரர் அதன் வழியே சுவர் தாண்டி வந்துவிடலாம். ஓட்டை இருந்த இடம், ஃப்ளாப்பி டிரைவாக நடிக்கும் பகுதி! ஃப்ளாப்பியை எல்லோரும் தூக்கிப் போட்ட பிறகும், 2004-லிருந்து அது பாட்டுக்குத் திறந்தே கிடந்திருக்கிறது. வாசலுக்கு மூன்று பூட்டு, பரண் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அப்புறம் அடைத்துவிட்டார்கள்.

மேலே ஒருத்தர் இருப்பது கெர்னலுக்குத் தெரியாமல் போகலாம். சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஆசாமிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கெர்னலை மட்டும் அப்டேட் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால், பரண் ஜன்னலை யார் பார்ப்பது?