மீனை விட்டால் மட்டும் போதுமா?

ஆற்றைக் காப்போம் என்று யாராவது கிளம்பினால் நம் நாட்டில் பெரும்பாலும் மீன்குஞ்சுகளைத்தான் தேடுகிறோம். மீன்வளத் துறையும் பொது இயக்கங்களும் லம்பாம் போன்ற மீன்களின் குஞ்சுகளை ஆறுகளிலும் ஏரிகளிலும் விடுகின்றன. பிரமுகர் பையை அவிழ்ப்பார், படம் எடுப்பார்கள், கூட்டம் கலையும். நல்ல முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால், விட்ட மீன் என்ன ஆனது என்று பிறகு கேட்பவர் யார்?

இதே பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவரும் அமெரிக்காவின் சியாட்டல் நகரைப் பார்ப்போம். அங்குப் பல பள்ளிகளில் மாணவர்கள் வகுப்பறைத் தொட்டியில் சால்மன் முட்டைகளைப் பொரிக்கவிட்டு, வசந்த காலத்தில் குஞ்சுகளை நகர ஓடைகளில் விடுகிறார்கள். சால்மன் நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, சில ஆண்டுகளில் முட்டையிட ஓடைக்குத் திரும்பும் மீன். ஆகவே விட்டவர்கள் காத்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பைப்பர்ஸ் ஓடை, லாங்ஃபெலோ ஓடை ஆகியவற்றின் கரையோரம் நடந்து, திரும்பி வந்தவற்றை எண்ணுகிறார்கள்.

அப்படி நடந்தவர்கள்தாம் ஒரு கொடுமையைக் கண்டார்கள். மழை பெய்ததும் கோஹோ வகைச் சால்மன்கள் முட்டையிடும் முன்பே செத்துக் கிடந்தன. பெண்மீன்களின் வயிற்றில் முட்டை அப்படியே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடினார்கள். 2020இல் விடை கிடைத்தது. டயர் வெடிப்பு விடாமலிருக்க ரப்பரில் சேர்க்கப்படும் 6பிபிடி என்னும் இரசாயனம், ஓசோனோடு கலந்து நஞ்சாகிறது. தேய்ந்த டயர்த் துகளோடு சாலையில் கிடக்கும் அந்த நஞ்சை மழைநீர் ஓடைக்கு அடித்துச் செல்கிறது. கோஹோ சில மணி நேரத்தில் மடிந்துவிடுகிறது. சாலை நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணில் வடிகட்டிவிட்டால் மீன் பிழைக்கும் என்பதையும் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியுள்ளனர்.

இன்னும் ஆயிரம் குஞ்சுகளை விட்டிருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்குமா? நோய் சாலையில் இருந்தது. எண்ணிப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

நம் ஊரிலும் சாலையில் விழும் மழைநீர் கால்வாய் வழியாக ஆற்றுக்கே போகிறது. உணவுக்கடை எண்ணெயும் கார் பட்டறையின் கழிவெண்ணெயும் அதே வழியில் போகின்றன. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. நம் வீட்டுக் குழாய்நீரில் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தே வருகிறது என்பதை மறக்கலாமா?

தமிழ்ப்பள்ளியில் ‘நான் ஓர் ஆறு’ என்று தன்கதை எழுதாதவர் நம்மில் குறைவு. அந்தக் கட்டுரையில் ஆறு அழும். நாமும் நல்ல மதிப்பெண் வாங்குவோம். நான் பயின்ற தேசிய இடைநிலைப்பள்ளியில் கோத்தோங் ரோயோங் புறப்பாடப் புள்ளியோடு முடிந்தது. பல்கலைக்கழகத்திலும் அப்படியே தொடர வேண்டுமா?

நமது தமிழ்மொழிக் கழகத்திற்கு என் பரிந்துரை எளியது. வளாகத்துக்கு அருகில் ஓர் ஓடையைத் தேர்ந்தெடுப்போம். மாதம் ஒரு மணி நேரம் அதன் கரையில் நடப்போம். நீரின் நிறம் என்ன, நாற்றம் உண்டா, மீன் தெரிகிறதா, எந்தக் கால்வாய் எங்கே கலக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். மாற்றம் தெரிந்தால் சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் செய்வோம்.

பாடமும் தேர்வும் இருக்க இதற்கு நேரமேது என்று சிலர் கேட்கலாம். மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போகிறவர்களால் என்ன முடியும் என்றும் கேட்கலாம். நாம் போய்விடுவோம், உண்மைதான். கழகம் இருக்கும். ஆண்டுதோறும் புதிய செயலவையிடம் கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்கிறோமே, அதோடு அந்தக் குறிப்பேட்டையும் ஒப்படைப்போம். பத்து ஆண்டுப் பதிவு நம் கையில் இருந்தால் எந்த அதிகாரியும் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நண்பர்களே, மீன்குஞ்சுகளை அதன்பிறகு தாராளமாக விடுவோம். அதற்கு முன், அவை வாழப்போகும் நீரை அறிந்துகொள்வோம். சிந்திப்போம், செயல்படுவோம்!